ரோபோ பேசவில்லை

ஜெயண்ட் ரோபோவுக்குத் தமிழில் வசனம் எழுதியவன் நான். திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருவையும் அடுத்த இரண்டு தெருக்களையும் தாண்டி இது யாருக்கும் தெரியாது. சம்பளம் வாரத்துக்கு இரண்டு கடலை மிட்டாய். வசனம் பூராவும் பொய்.

எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷனில் வந்த தொடர் அது. ஜானி சாக்கோ என்ற பையனின் மணிக்கட்டில் ஒரு கடிகாரம் இருக்கும். அதில் வாய் வைத்துக் கூப்பிட்டால் பனைமரத்தை விட உயரமான இயந்திர மனிதன் பறந்து வந்து நிற்பான். தலை எகிப்து அரசர்களின் தலை மாதிரி. விரல்நுனிகளிலிருந்து ஏவுகணை பாயும். எதிரி கார்காயில் கும்பல். அதன் தலைவன் கில்லட்டின் சக்கரவர்த்தி, வேற்றுக்கிரகத்தான், முகத்தைச் சுற்றி என்னவெல்லாமோ தொங்கும். அந்தப் பெயர் எங்கள் நாக்கில் நிற்காததால் ‘கணவாய் மூஞ்சி’ என்று வைத்தோம். வாரம் ஒரு பூதத்தைக் கணவாய் மூஞ்சி அனுப்புவான்; ரோபோ அடித்து நொறுக்கும். ஒரு வாரம் வெறும் கை மட்டும் வந்தது, வீடு பெரிசு. இன்னொரு வாரம் உடம்பே கண்ணாக ஒன்று.

எங்கள் வீட்டில் சாலிடேர் டிவி, கறுப்பு வெள்ளை, இழுத்து மூடும் மரக் கதவோடு. அப்பா அதை வாங்கியது தூர்தர்ஷனுக்காக இல்லை, ரூபவாஹினிக்காக. மொட்டைமாடியில் இரும்புக் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி ஆன்டெனா ஏற்றினால் காற்று வாகாக இருக்கும் ராத்திரிகளில் இலங்கை தெரியும். 1982 பிப்ரவரியில் தொடங்கிய அந்த நிலையம் ஜப்பான் அரசின் உதவியில் எழும்பியது என்பதைப் பிறகு எங்கோ படித்தேன். ஊருக்குத் தூர்தர்ஷன் எட்டியதும் அதே குழாயைத் திருப்பி வைத்தோம்; அதிலும் ஜப்பான்காரன்தான் வந்து நின்றான். அப்போது அது தெரியாது. பேர் ஜானி, அவன் கூட்டாளி பேர் ஜெர்ரி, பேசுவது இங்கிலீஷ். அமெரிக்கா என்று அடித்துச் சொன்னேன்.

சுடலைதான் முதலில் சந்தேகப்பட்டான். (அவன் அசல் பெயர் இங்கே வேண்டாம்.) “ஏல, இவன் நம்ம தெருவுல ராத்திரி விசில் ஊதுத கூர்க்கா ஜாடையில்லா இருக்கான். பேரு மட்டும் எப்படிலே ஜானி?”

“அமெரிக்கால எல்லா ஜாடையும் உண்டு” என்றேன்.

நான் இங்கிலீஷ் மீடியம். மற்றவர்களெல்லாம் தமிழ் மீடியம், முனிசிபல் பள்ளிக்கூடம். அதனால் படம் முடிந்ததும் என்னை நடுவில் உட்கார வைத்து, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பார்கள். ஆறாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு அந்த மூக்கால் பேசும் அமெரிக்க உச்சரிப்பில் எனக்கு என்ன புரிந்திருக்கும்? ‘ரோபோ’, ‘கம்’, ‘கோ’, ‘அட்டாக்’. நாலு வார்த்தை. மீதியை நான் இட்டு நிரப்பினேன்.

முதல் வாரம் பயந்து பயந்து நிரப்பினேன். இரண்டாம் வாரம் ருசி கண்டுவிட்டது. மூன்றாம் வாரம் கதையில் இல்லாத ஆளையே கொண்டுவந்தேன். ஜானியின் அப்பா. அவரைக் கணவாய் மூஞ்சி கடலுக்கடியில் அடைத்து வைத்திருக்கிறான், ரோபோ ஒவ்வொரு சண்டையிலும் அவரைத்தான் தேடுகிறது, அதை ஜெர்ரி ரகசியமாக ஜானியிடம் இன்றைக்குச் சொன்னான் என்று ஒரு போடு போட்டேன். குறுக்குத்துறைப் படித்துறையில் எட்டுப் பேர் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஆற்றில் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சுகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தாமிரபரணித் தண்ணீர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் எட்டுப் பேர் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது.

அதன்பின் எங்கள் பேச்சு முழுக்க அந்த அப்பாவைப் பற்றியே போனது. அவருக்குச் சாப்பாடு யார் கொடுக்கிறார்கள்? கடலுக்கடியில் மூச்சு எப்படி விடுவார்? ரோபோ சுலோச்சன முதலியார் பாலத்தில் நடந்தால் பாலம் தாங்குமா என்பது போன்ற நல்ல கேள்விகளெல்லாம் அடிபட்டுப் போயின. 1843-ல் கட்டிய பாலம், தாங்கும் என்று ஒரு கட்சி. கல் தாங்கும், ஆனால் வண்ணார்பேட்டைக்காரன் விடமாட்டான் என்று இன்னொரு கட்சி.

அப்பா கதையில் எல்லோரையும் விட அதிகமாக ஒட்டிக்கொண்டது சுடலை. அவன் அப்பா பம்பாய்க்குப் போனவர். முதலில் மணியார்டர் வந்தது, பிறகு கடிதாசி மட்டும், பிறகு அதுவும் இல்லை. அம்மா பீடி சுற்றுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் இவன் உட்கார்ந்து பீடியின் முனையை மடக்குவான், இருபத்தஞ்சு இருபத்தஞ்சாக எண்ணிக் கட்டுவான். அதனால் எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் அவனுக்கு. ரோபோ எந்தக் கையிலிருந்து எத்தனை ஏவுகணை விட்டது என்று அவனைக் கேட்டால் போதும். அவன் விரலில் எப்போதும் புகையிலைத் தூள் வாசம் இருக்கும். எங்கள் ஆச்சிக்கு அந்த வாசம் ஆகாது.

ஆச்சிக்கு ஆகாதது வாசம் மட்டும்தானா என்று நான் அப்போது கேட்கவில்லை. மற்றப் பையன்கள் கால் கழுவிவிட்டுப் பட்டாசாலையில் வந்து உட்காருவார்கள். சுடலை திண்ணையில் ஏறி நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். ஆச்சி போட்ட விதி என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கலாம். ஆனால் ஒரு தடவைகூட “உள்ள வாலே” என்று நான் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஜன்னலில் இருந்து பார்த்தால் படம் தெரியும். தெருச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. ஆகவே என் வசனம் மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதைவிட அவனுக்கு அதிகம் தேவைப்பட்டது. கடலை மிட்டாயில் பாதி அவன் காசில் வந்தது.

கடைசி எபிசோடு வந்தது. கணவாய் மூஞ்சி மலை உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறான். அவன் உடம்பே அணுகுண்டு மாதிரி. அடித்தால் பூமியே போய்விடும். இதெல்லாம் பின்னாளில் புரிந்துகொண்டது. அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ரோபோ அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வானத்துக்குப் பறக்கிறது. ஜானி கடிகாரத்தில் வாய் வைத்துக் கத்துகிறான், கத்துகிறான். முதல் முறையாக ரோபோ அவன் சொல் கேட்கவில்லை. மேலே எங்கேயோ போய் ஒரு விண்கல்லில் மோதி வெடித்தது. பட்டாசாலையில் யாரும் மூச்சு விடவில்லை. ஆச்சிகூட “அய்யோ பாவம்” என்றாள்.

படித்துறைக்குப் போனோம். யாரும் பேசவில்லை. கதை முடிந்தது என்பதை மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. எல்லோருக்கும் நேரடியாகவே புரிந்திருந்தது. எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. ரோபோ போனதற்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இல்லை. அடுத்த வாரத்திலிருந்து என்னை நடுவில் உட்கார வைக்க யாருக்கும் காரணம் இருக்காது என்பதால்தான்.

சுடலைதான் கேட்டான். “அப்ப ஜானியோட அப்பா?”

நான் யோசிக்கவே இல்லை. “ரோபோ சொல்லிட்டுல்லா போச்சு! ‘நான் போயி உங்கப்பாவக் கூட்டிக்கிட்டு வாரேன், அழாத’ன்னு. அடுத்த வாரம் வரும் பாரு” என்றேன். ஆதாரத்துக்கு எதிரே ஆற்றுக்கு நடுவில் இருந்த முருகன் கோயிலைக் காட்டினேன். “வெள்ளம் வந்தா முருகன் மேலக்கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வாராருல்லா? அதே மாதிரிதான்.” இந்த உவமை என் சொந்தச் சரக்கு. அன்றைக்கு அது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

பையன்கள் முகம் மலர்ந்தது. சுடலை மட்டும் என்னையே பார்த்தான். பீடிக்கட்டை எண்ணிச் சரிபார்க்கிறவன் பார்வை.

“ரோபோ என்னைக்குலே பேசிச்சு?” என்றான். “இத்தன வாரமா பாக்கேன். அதுக்கு வாயே அசையாதேலே.”

உண்மை. அந்தத் தொடரில் ரோபோ பேசுவதே இல்லை, உறுமும், அவ்வளவுதான். சத்தம் கேட்காத ஜன்னலில் நின்றவன் வாயைப் பார்த்திருக்கிறான். சத்தம் கேட்ட நாங்கள் எதையும் பார்க்கவில்லை. அவன் மனசுக்குள் ஒவ்வொரு வாரமாகப் பின்னால் போய்ச் சரிபார்ப்பது முகத்தில் தெரிந்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் அப்பாவும் இல்லை, கடலுக்கடியில் சிறையும் இல்லை என்று எட்டுப் பேர் முன்னால் ஆகிவிடும்.

“ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமாலே?” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பீடி மடக்குத பயலுக்கு ரோபோ பேசினா கேக்குமா? ஒங்க அப்பா ஓடிப் போனாருன்னா எல்லாவன் அப்பாவும் ஓடிப் போவானா?”

அவன் அடிக்கவில்லை. எழுந்து சட்டையை உதறிக்கொண்டு படியேறிப் போனான். மற்றவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்க வைத்தேன் என்பதே சரி. அடுத்த வாரம் அதே நேரத்துக்கு ஏழு பேரும் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். டிவியில் தில்லியிலிருந்து இரண்டு பேர் இந்தியில் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் ஆள் இல்லை. அதன்பிறகு அந்த ஜன்னலுக்கு அவன் வரவே இல்லை.

இணையம் வந்த பிறகு அந்தத் தொடரைத் தேடிப் பிடித்து இருபத்தாறு எபிசோடும் பார்த்தேன். மித்சுதேரு யோகோயாமா என்ற ஓவியர் உருவாக்கிய கதை. தோயேய் நிறுவனம் படமாக எடுத்து, 1967 அக்டோபரிலிருந்து 1968 ஏப்ரல் வரை ஜப்பானில் ஒளிபரப்பானது. பையனின் அசல் பெயர் குசாமா தைசாகு. கார்காயில் என்பதும் அமெரிக்கர்கள் வைத்த பெயர். ஜப்பானில் அது ‘பிக் ஃபயர்’. அப்படியானால் நாங்கள் கேட்ட இங்கிலீஷே பாதி இட்டுக்கட்டியதுதான் என்று ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. அவர்கள் பேரை மாற்றினார்கள், ரோபோவைப் பேச வைக்கவில்லை. கூர்க்கா ஜாடை விஷயத்திலும் சுடலை கிட்டத்தட்டச் சரி. அமெரிக்கா இல்லை என்பது மட்டுமாவது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்று எனக்குச் சோறு போடுவது மொழிபெயர்ப்பு. அரசாங்கப் படிவம், மருந்துத் துண்டுச்சீட்டு, எது வந்தாலும் செய்வேன். தொழிலில் பெயர் கெடவில்லை, அகராதியைப் புரட்டாமல் ஒரு வரியும் அனுப்புவதில்லை. ஆனால் எழுத்தில் இருக்கிற அந்த ஒழுங்கு வாயில் இல்லை. மூன்று வருடம் முன்னால் சித்தியை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் இங்கிலீஷில் சொன்ன ஒரு சொல் எனக்குப் புரியவில்லை. சித்தி என் வாயையே பார்த்தாள், அந்தப் பழைய பார்வை. “ஒண்ணுமில்ல சித்தி, சத்துக் குறைவுதான்” என்றேன். ஆட்டோவில் ஏறி அவள் நிம்மதியாகத் தலை சாய்த்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் காலைதான் தனியாகப் போய் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று டாக்டரிடம் கேட்டேன். சத்துக் குறைவு இல்லை. சித்தி பிழைத்துக்கொண்டாள், ஒரு ராத்திரி வீணானதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார் டாக்டர். அந்த ராத்திரி நான் தூங்கினேன் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. நன்றாகவே தூங்கினேன்.

2024 ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த வருஷம் நெல்லையப்பர் தேரின் வடம் ஒரு தடவைக்கு மேல் அறுந்தது. தேர் நின்று நின்று போனது. அறுந்த வடத்தைக் கையில் பிடித்தபடி கீழரத வீதியில் கூட்டம் வெயிலில் நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் முகத்தைத் துடைக்கத் திரும்பினார். தலை நரைத்திருந்தது, கண் அதே கண்.

அவன்தான் முதலில் பேசினான். “என்னலே,” என்றான் சிரித்துக்கொண்டே, “ரோபோ திரும்பி வந்துச்சா?”

நாற்பது வருஷமாகத் தயாராக வைத்திருந்த வாக்கியம் என்னிடம் இருந்தது. ‘அது பேசலலே, நீ சொன்னதுதான் சரி.’ ஐந்தே சொல். சுற்றிலும் ஆட்கள், வெயில், என்னோடு வந்த என் மகன் வேறு பக்கத்தில். நானும் சிரித்தேன். “இப்ப எங்க இருக்க? பிள்ளைங்க என்ன படிக்கி?” என்று கேட்டேன். பேட்டையில் இருப்பதாகச் சொன்னான், மகள் இங்கிலீஷ் எம்.ஏ. படிப்பதாகச் சொன்னான். கடைசிச் செய்தியைக் குத்தலாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னான். அவன் அப்பா என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை.

புது வடம் வந்தாயிற்று என்று முன்னாலிருந்து சத்தம் கேட்டது. அவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு திரும்பிக் குனிந்தான். என் மகன் காதருகில் வந்து, “யாருப்பா அது? ரோபோன்னா என்ன?” என்று கேட்டான்.

“சும்மா,” என்றேன், “பழைய சினிமா ஒண்ணு.”