கோப்பில் இல்லாத எண்

கட்டுரையை மதிப்பாய்வுக்கு அனுப்பி இரண்டு மாதங்கள் ஆகின்றன. ஆய்வகத்தின் இளைய மாணவி ஒருவர் அதே சோதனையை மீண்டும் நடத்திவிட்டு, என் அட்டவணையிலுள்ள எண்கள் தமக்கு வரவில்லை என்றார். கிட் களஞ்சியத்திலிருந்த யாமல் கோப்பை எடுத்து, எங்கள் குபெர்நெட்டிஸ் கிளஸ்டரில் முறைப்படி 'அப்ளை' செய்திருந்தார். பிழை அவருடையதன்று.

'கியூப்சிடிஎல் எடிட்' என்றொரு கட்டளை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டெப்ளாய்மென்ட்டின் விவரம் அப்படியே எடிட்டரில் திறக்கும். திருத்திச் சேமித்து வெளியேறினால் மாற்றம் நேரே கிளஸ்டருக்குப் போகும். பழைய பாட்கள் விலகிப் புதியவை எழும். களஞ்சியத்திலுள்ள கோப்பு மட்டும் இதை அறியாது. (காலக்கெடுவுக்கு முந்தைய இரவில் இதைவிட இனிய வசதி வேறில்லை.) பின்னர் எவரேனும் அக்கோப்பை அப்ளை செய்தால் அதிலுள்ள மதிப்பே வெல்லும். முன்னதாக 'டிஃப்' கட்டளை இட்டிருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும். அப்பழக்கத்தை அவருக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டியவன் நான்.

டெப்ளாய்மென்ட் தன் பழைய ரெப்ளிகாசெட்டுகளில் 10 வரை இயல்பாகவே வைத்திருக்கும். 'ரோல்அவுட் ஹிஸ்டரி' வழியாக ஒவ்வொரு பதிப்பாகத் திறந்து பார்த்தேன். ஏழாவதில் இருந்தது: வடிகட்டல் வரம்பு 0.35. கோப்பில் 0.5. பின்னிணைப்பைக் கோப்பைப் பார்த்தே எழுதியிருந்ததால் கட்டுரையிலும் 0.5. நள்ளிரவில் மாற்றியவன் நானே. மாற்றியது நினைவிலேயே இல்லை.

நெறியாளரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். இதழாசிரியருக்கான கடிதத்தின் முதல் பத்தியை மூன்று முறை மாற்றி எழுதியாயிற்று, இன்னும் அனுப்பவில்லை.