முயற்சி என்னும் பெயர்

புதிதாக ஒன்றைக் கற்கப் புகுவோர்க்கு வரும் இடர்ப்பாடு இருவகைப்படும். கற்கும் பொருளிலேயே அமைந்த கடினம் ஒன்று. சூழ இருப்போர் விளைக்கும் தடை மற்றொன்று. பிரேக் நடனம் பயில விழையும் பெண்ணுக்கு இவ்விரண்டும் ஒருசேர வந்து நிற்கின்றன.

இந்நடனம் 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் வட்டாரத்தில் பிறந்தது. பாட்டு அடங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை இசைத்தட்டில் நீட்டி ஒலிக்கச் செய்ய, அத்தாளத்திற்கு இளைஞர் ஆடினர். 1973 ஆகஸ்ட் 11-இல் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை இயக்கிய புகழ்பெற்ற விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பெல். ஆயினும் ஆடுகளம் ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது.

புதியவர் பயிலும் அடிப்படைகளுள் ஒன்று, தரையில் கையூன்றி, ஆறு அடிகளில் கால்களை வட்டமாகச் சுற்றிக் கொணர்தல். எளிதாகத் தோன்றும் இதுவே மணிக்கட்டை நோகச் செய்யும், முழங்காலைச் சிராய்க்கும். பன்முறை விழுந்தவரே ஒருமுறை ஒழுங்காகச் சுற்றுவர்.

காபூல் நகரில் வளர்ந்த மனிழா தலாஷ், ஒருவர் தலையை ஊன்றிச் சுழலும் காணொளியைக் கண்டு இக்கலையில் மனம் பறிகொடுத்தார். அவர் சேர்ந்த குழுவில் ஏறத்தாழ 55 ஆடவர். பெண் அவர் ஒருவரே. உடல்நோவை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் கொலை மிரட்டல்களும் வந்தன. 2021-இல் தாலிபான் ஆட்சி மீண்டது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அடைபட்டது. இளைய தம்பியுடன் பாகிஸ்தானுக்குத் தப்பிச் சென்ற அந்நங்கை, பின்னர் ஸ்பெயின் நாட்டில் அடைக்கலம் பெற்றார்.

2024 ஆகஸ்ட் 9-இல், பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏதிலியர் அணியின் சார்பில் அவர் களம் இறங்கினார். நெதர்லாந்தின் இந்தியா சார்ஜோவிடம் தோற்றார். ஆப்கானியப் பெண்களுக்கு விடுதலை வேண்டும் என்னும் வாசகம் எழுதிய நீலப் போர்வையை ஆட்டத்தின்போது விரித்துக் காட்டியதால், அரசியல் முழக்கத்திற்கு இடமில்லை என்னும் விதிப்படித் தகுதி நீக்கமும் செய்யப்பட்டார். அன்று பொற்பதக்கம் ஜப்பானின் அமி யுவாசாவைச் சென்றடைந்தது.

தலாஷ் என்னும் பாரசீகச் சொல்லுக்கு முயற்சி என்பது பொருள். அவர் பதக்கம் பெறவில்லை. ஆனால் பெறாத ஒன்றன் பெயரை உலகறியச் சொன்னார். அவர் நாட்டுப் பெண்களுக்கு மறுக்கப்படுவது வெற்றி மட்டுமன்று. தொடங்கும் உரிமையே மறுக்கப்படுகிறது. விழுந்து, பிழை செய்து, மீண்டும் எழுந்து கற்கும் உரிமை அது. கலையின் கடினத்தைப் பயிற்சி வெல்லும். சூழலின் தடையையோ தனியொருத்தியின் பயிற்சி மட்டும் வென்றுவிடாது. சூழ நிற்போரும் சற்று விலகி, அவளுக்கு வட்டத்தில் இடம் விடுதல் வேண்டும்.