சேர்வராயன் மலை யாத்திரை: இரு வண்டிகளுக்கு இடையே

இரவில் சென்னையிலிருந்து புறப்படும் ஏற்காடு விரைவு வண்டி, பெயரில் ஏற்காட்டைத் தாங்கினாலும், ஈரோட்டில் பயணத்தை முடிக்கிறது. மலைக்கு இருப்புப்பாதை இல்லை. விடியுமுன் சேலம் சந்திப்பில் இறங்கும் அடியார்கள், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவை, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சாலை வழியாகவே ஏற வேண்டும்.

உச்சியில், 5,326 அடி உயரத்தில், குகைக்குள் எழுந்தருளியிருக்கிறார் சேர்வராயன். அருகே காவேரி அம்மன். மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வழிபட்டுவரும் சந்நிதி இது. தாழ்ந்த குகைக்குள் குனிந்தே செல்ல வேண்டும். இரவெல்லாம் உறக்கமின்றி வந்த முதியவர், வந்த வேகத்திலேயே மலையேறி இச்சந்நிதியை அடைந்தால், தரிசனத்தை விடக் களைப்பே மிஞ்சும்.

ஆகவே முதற்பொழுதைச் சேலத்திற்கே அளித்தல் நலம். சந்திப்பின் காத்திருப்பு அறையில் விடியும்வரை இளைப்பாறி, கோட்டை மாரியம்மனையும், சுகர் கிளி வடிவில் வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் சுகவனேசுவரரையும் தரிசித்து, உணவுண்டபின் மலையேறலாம். கடலூர்ப் பகுதியினர் விருத்தாசலத்தில் வண்டி மாறுவர்; நேரம் இடங்கொடுத்தால் அங்கே பழமலைநாதரை வணங்கலாம். கோவில் நண்பகலில் நடை சாத்துவதை மட்டும் மனத்திற்கொள்ள வேண்டும். அத்தடத்து வண்டிகள் சந்திப்புக்கு முன்பே சேலம் டவுன் நிலையத்தை அடைகின்றன.

முன்பதிவில் இரண்டு செய்திகள் பயன்தரும். ஆண்களுக்கு 60 வயதும் பெண்களுக்கு 45 வயதும் நிறைந்திருந்தால், கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஒரே சீட்டில் இருவருக்கு மேல் சேர்த்தால் அது பொருந்தாது. பெருங்குடும்பமாகச் செல்வோர் பெரியவர்களுக்குத் தனிச்சீட்டு எடுத்தல் நன்று. அடுத்து, இரு வண்டிகளில் தொடர்ந்து பயணிப்போர் அவ்விரு சீட்டுகளின் பி.என்.ஆர். எண்களையும் இணைத்துக்கொள்ளும் வசதியை 2019 ஏப்ரல் முதல் ரயில்வே அளித்துள்ளது. பயணிகளின் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வண்டி சேரும் நிலையத்திலிருந்தே அடுத்தது புறப்பட வேண்டும். முதல் வண்டியின் தாமதத்தால் அடுத்தது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணம் பிடித்தமின்றித் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் மலைப்பேருந்தின் தாமதத்திற்கு அத்தகைய ஈடு கிடையாது. மழையும் மூடுபனியும் இறங்கும் வழியைத் தாமதப்படுத்தக் கூடும். மே மாதத் திருவிழாக் காலத்திலோ வண்டிகளின் நெரிசலும் சேரும். மாலை வண்டிக்கு இடம் பதிந்தோர் காலையிலேயே மலையை விட்டு இறங்க வேண்டும். இயலுமானால் அன்றிரவு சேலத்தில் தங்கி, மறுநாள் வண்டியேறுவது சாலச் சிறந்தது.

கடிகாரத்தைப் பாராமல் குகை வாயிலில் கைகூப்பி நிற்கும் அமைதி, இவ்வாறு முன்கூட்டியே ஒதுக்கிய நேரத்தால் வாய்ப்பது.