அப்பாவின் வலது கன்னம்

அப்பாவின் வலது கன்னத்துக்குள் முந்தின நாள் சாப்பிட்ட இட்லி இருந்தது. அதைக் கண்டுபிடித்தது ஸ்கேன் அல்ல, பேச்சுப் பயிற்சி தர வந்த பெண். "பாயி தெகீரி" என்று கன்னடத்தில் சொல்லி, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர், என்னை அருகே அழைத்துக் காட்டினார். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே வெள்ளையாகப் படிந்திருந்தது. நாற்றம் குமட்டியது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

பெங்களூருவில் அந்தத் தனியார் மருத்துவமனையில் சேர்த்து 18 நாட்கள் ஆகியிருந்தன. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. கைக்கும் காலுக்கும் பயிற்சி ஒழுங்காக நடந்தது. பல் மட்டும் யார் அட்டவணையிலும் இல்லை. நர்ஸ் பார்த்துக்கொள்வார் என்று நான் இருந்தேன். வீட்டார் பார்ப்பார்கள் என்று நர்ஸ் இருந்தார்.

அன்றிரவே காய்ச்சல். எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது. பக்கவாதத்தில் கன்னம் மரத்துப்போகும், உணவு தங்கியிருப்பது நோயாளிக்கே தெரியாது, அதை நாக்கால் துழாவி எடுக்கவும் முடியாது என்று டாக்டர் விளக்கினார். விழுங்குவதிலும் கோளாறு இருந்தால், கிருமி நிறைந்த எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். சிலருக்கு இருமல்கூட வராது.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்தி, 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தினமும் பிறர் வாயைச் சுத்தம் செய்துவிட்ட முதியோரில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யப்படாதவர்களில் 19 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குத் தேவைப்பட்டது பெரிய கருவி எதுவும் அல்ல. பிரஷ்தான்.

பயிற்சியாளர் எனக்குக் கற்றுக்கொடுத்தது எளிமையானது. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்த வேண்டும்; உட்கார முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம். மென்மையான சிறிய பிரஷ், பட்டாணி அளவுக்கும் குறைவான பேஸ்ட் போதும். நுரை அதிகமானால் தொண்டைக்குள் போய்விடும். வாயில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பற்களுக்கு இடையே விரலை விடக் கூடாது. பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் செயலிழந்த பக்கக் கன்னத்தைப் பார்க்க வேண்டும். "நல்லெண்ணெய் கொப்பளிக்க வைக்கலாமே" என்ற அத்தையை அவர் உடனே தடுத்தார். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே தனி ஆபத்தாம்.

பெங்களூருவில் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனத்தில் நரம்பியல் மறுவாழ்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனால் வீடு திரும்பிய பிறகு எல்லாமே குடும்பத்தின் கையில்தான். பெற்ற தகப்பன் வாய்க்குள் கைவிட முதலில் எனக்குக் கூச்சம். பிறர் பல் தேய்த்துவிட உட்கார்ந்திருப்பது அவருக்கு அதைவிடப் பெரிய கூச்சம், கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்றாவது மாதம் பிரஷின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தோம். ஒருநாள் காலை அப்பா என் கையை விலக்கிவிட்டு, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். தேய்த்தது பாதிதான். மீதியை நான் முடித்தேன். அன்று அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.