எந்தக் கை?

ஒன்டாரியோவில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நுண்கணிதத்தோடு வெக்டரும் வருகிறது. மகளின் குறுக்குப் பெருக்கல் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். விடையின் அளவு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அவளுக்கு அம்பு மேல்நோக்கி, எனக்குக் கீழ்நோக்கி.

"அப்பா, நீங்க இடது கைய வெச்சுப் பாத்தீங்க."

ஆமாம். வலக்கையில் பேனா இருந்தது.

மேசைமேல் கிடக்கும் இரண்டு அம்புகளைக் குறுக்குப் பெருக்கினால் மூன்றாவது அம்பு கிடைக்கும். அது இரண்டுக்கும் செங்குத்தாக நிற்கும். அவ்விரண்டையும் பக்கங்களாக வைத்து வரையும் இணைகரத்தின் பரப்புதான் அதன் நீளம். இரண்டும் ஒரே திசையில் படுத்துவிட்டால் இணைகரம் நசுங்கிவிடும், விடை பூஜ்யம். கதவைக் கீல் பக்கமாக எவ்வளவு அழுத்தினாலும் அது திரும்பாததும் இதனால்தான்.

செங்குத்து என்றால் மேலா, கீழா? வலக்கை விரல்களை முதல் அம்பிலிருந்து இரண்டாவதை நோக்கி மடக்க வேண்டும். கட்டைவிரல் காட்டுவதே திசை. வரிசையை மாற்றினால் அம்பு தலைகீழாகிவிடும். மூவைந்தும் ஐமூன்றும் ஒன்று என்ற வாய்ப்பாட்டு நிம்மதி இங்கே கிடையாது.

"ஏன் வலது கை?" என்றாள்.

இயற்கை அப்படிச் சொல்லவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் கிப்ஸ் தன் மாணவர்களுக்காக 1881இலும் 1884இலும் அச்சிட்ட குறிப்புகளில் வலக்கை அச்சுகளையே வைத்துக்கொண்டார். நாமும் அப்படியே தொடர்கிறோம். விளையாட்டுகள் உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் இன்றும் இடக்கை அச்சுகள்தான்.

நான் பிறவியில் இடக்கைக்காரன். ஒன்றாம் வகுப்பில் ஸ்கேலால் விரல் முட்டியில் வாங்கி வாங்கி வலக்கைக்கு மாறினேன். அதன்பின் சும்மா இருந்தது இடக்கை. ப்ளஸ் டூ இயற்பியலில் காந்தப்புலக் கணக்கு வந்தாலே அதுதான் முதலில் எழும்பும், திசை தப்பும். எலக்ட்ரானுக்கு மட்டும், அதன் மின்னூட்டம் எதிர் என்பதையும் மறந்துவிட்டால், இரண்டு தவறும் சேர்ந்து விடை சரியாக வந்துவிடும்!

மகளும் இடக்கைதான். அவளுடைய மூன்று வயதில், ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது, "இப்பவே மாத்திடுடா" என்றார். நானும் ஒருநாள் கிரேயானைப் பிடுங்கி அவள் வலக்கையில் திணித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கிரேயானை மறுபடி இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவளுக்கு அது நினைவில்லை.

இப்போது அவள் இடக்கையால் எழுதிக்கொண்டே வலக்கை விரல்களை மடக்கிக் காட்டினாள்.

"பேனாவைக் கீழ வைங்கப்பா. திரும்பப் பாருங்க."

வைத்துவிட்டு வலக்கையை நீட்டினேன்.