நீங்கள் எதற்குத் தலைமை தாங்கினீர்கள்?

விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு வந்ததும் நாங்கள் நான்கு பேரும் நின்றுவிட்டோம். நீங்கள் தலைமையேற்று நடத்திய திட்டங்களை விவரிக்கவும் என்று கேட்டிருந்தது. கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலைப் பக்கம் ஒரு மாடி அறை, நால்வருக்கும் சேர்த்து ஒரே மடிக்கணினி, ஆவணி மாதத்து வெக்கை. கரிசல் காட்டு ஊர்களில் ஆளுக்குப் பத்து வருடம் களப்பணி செய்தவர்கள் நாங்கள். ஊருணி தூர்வாரியிருக்கிறோம். படிப்பை விட்ட பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். தீப்பெட்டி ஆலைப் பெண்களைச் சங்கமாகக் கூட்டியிருக்கிறோம். ஆனால் எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கு வந்த சொற்கள் "உதவினேன்", "உடனிருந்தேன்", "ஏற்பாடு செய்து கொடுத்தேன்" என்பவைதான். ஒருவர்கூட "நடத்தினேன்" என்று எழுதவில்லை.

தோழர்களே, அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

பி.எம்.பி. என்பது திட்ட மேலாண்மைக்கான தொழில்முறைச் சான்றிதழ். அமெரிக்காவில் 1969இல் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. அமைப்பு 1984 முதல் இந்தத் தேர்வை நடத்துகிறது. ஐ.டி. கம்பெனிக்காரர்களும் கட்டடப் பொறியாளர்களும் எழுதுகிற தேர்வு, நமக்கென்ன என்றுதான் நாங்களும் இருந்தோம். தொண்டு நிறுவன வேலை விளம்பரங்களிலும் "சான்றிதழ் பெற்றவர்களுக்கு முன்னுரிமை" என்ற வரியைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டோம். நாங்கள் வேலை பார்த்த இடங்களில் காலனிக்குள் போய்ப் பேச, வெயிலில் அலைய, ஆட்களைக் கூட்ட எங்கள் பிள்ளைகள். திட்டம் எழுத, நிதி கேட்க, அறிக்கையில் கையெழுத்துப் போட வேறு ஆட்கள். சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதை எம்.ஏ. வகுப்பில் படித்தோம். தொண்டு நிறுவன அலுவலகத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம்.

தேர்வு எழுத என்ன வேண்டும்? பட்டம் இருந்தால், 36 மாதங்கள் திட்டங்களை நடத்திய அனுபவம். பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு 60 மாதங்கள். இதோடு 35 மணி நேர வகுப்பு. நாங்கள் எழுதியபோது 180 கேள்விகள், 230 நிமிடங்கள். தமிழில் கிடையாது. பாடத்திட்டம் அவ்வப்போது மாறும், அதனால் அன்றைய நிலையைப் பி.எம்.ஐ. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் எங்களில் இளையவளின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினாள்.

முதல் தடையே பெயர்தான். முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு கட்டம். அடையாள அட்டையில் இருப்பதும் படிவத்தில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். நமக்கு ஏது இறுதிப்பெயர்? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட மண் இது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நாம் நடமாடுகிறோம். எங்களில் ஒருவரின் அப்பா பெயர், பண்ணையார் வீட்டில் கேலியாக வைத்தது. அதைத்தான் இறுதிப்பெயராக முழுசாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. தேர்வு மையத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார்கள். அப்பாவை ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன் என்று வந்து சொன்னார்.

மறுபடி அந்தக் கேள்விக்கு வருவோம். எங்களில் மூத்தவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். "அக்கா, ஊருணி வேலையைச் சொல்லுங்க" என்றோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஊரில் ஊருணி தூர்வாரும் திட்டம் வந்தது. அலுவலகம் போட்ட அட்டவணைப்படி வேலை அக்டோபர் கடைசியில் ஆரம்பம். நிதி ஆண்டின் காலாண்டுக் கணக்குக்கு அது தோதாக இருந்தது. காலனியில் போய் அக்கா அதை வாசித்ததும் ஒரு பாட்டி சிரித்துவிட்டார். "ஏ தாயி, ஐப்பசியில மழை விழுந்துட்டா கரிசல்ல மனுசன் காலே புதையும். ஜேசிபி எங்கிட்டு இறங்கும்?" கரிசல் மண்ணுக்குக் குணமே அதுதான். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் பசையாகப் பிடித்துக்கொள்ளும். அக்கா அன்று ராத்திரியே அட்டவணையைத் திருப்பிப் போட்டார். புரட்டாசி விதைப்புக்கு ஆட்கள் காட்டுக்குப் போகும் நாட்களை விட்டுவிட்டு வேலையைப் பிரித்தார். எடுத்த வண்டலை யார் நிலத்தில் கொட்டுவது என்ற சண்டையை இரண்டு கூட்டங்களில் முடித்தார். மழைக்கு முன் ஊருணி தயாரானது. ஆண்டறிக்கையில் வேறொருவர் பெயர் வந்தது. அக்காவின் படம் "பயனாளிகளுடன் களப்பணியாளர்" என்ற வரியோடு வந்தது.

பாடப்புத்தகத்தைத் திறந்தால் அக்கா செய்த அத்தனைக்கும் பெயர் இருக்கிறது. எந்த வேலை தாமதமானால் மொத்தத் திட்டமும் தாமதமாகுமோ அந்தச் சங்கிலிக்குக் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். பாட்டி சொன்னது அதைத்தான். யார் யாருக்கு இதில் பங்கு, யார் எதிர்ப்பார்கள் என்று கணக்குப் போடுவது ஸ்டேக்ஹோல்டர் பகுப்பாய்வு. காலனியில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது பத்து வயதில் தெரியும், தெரியாமல் ஊருக்குள் நடக்க முடியாது. படிக்கப் படிக்க எங்களுக்குப் பயம் குறைந்தது, கோபம் கூடியது.

இந்தக் கருவிகளைப் புனிதமாக்கவும் வேண்டாம். வேலைகளைக் கோடு கோடாக நாட்காட்டியில் போடும் காண்ட் சார்ட்டைப் பரப்பிய ஹென்றி காண்ட் 1861இல் மேரிலாந்தில், அடிமைகளை வைத்திருந்த தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். அடிமைத் தோட்ட முதலாளிகள் எவ்வளவு நுணுக்கமாக உழைப்பைக் கணக்கெழுதினார்கள் என்பதை வரலாற்றாசிரியர் கேட்லின் ரோசென்தால் 2018இல் வெளியான தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். வேலை வாங்குகிறவனின் கையில் அட்டவணை ஒரு சாட்டை.

ஆனால் திட்டமிடுவது அவர்கள் சொத்தல்ல. மகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறக்கச் சொல்லும் போலே தீர்மானம் 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 1927 மார்ச் 19, 20 தேதிகளில் மாநாடு கூட்டினார்கள். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரை 40 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மறுநாள் ஆயிரக்கணக்கானோர் வரிசையாகப் போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். டிசம்பரில் மறுபடி கூடியபோது நீதிமன்றத் தடை வந்தது. குளத்துக்குப் போவதைத் தள்ளிவைத்தார்கள், மனுஸ்மிருதியை எரித்தார்கள், வழக்கை விடாமல் நடத்தி 1937இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். ஆள் கூட்டல், செலவு, ஆபத்து, மாற்றுவழி எல்லாம் அதில் இருக்கிறது. போராட்டம் உணர்ச்சி மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தேர்வில் எங்களை அதிகம் தடுக்கியது ஒரு வகைக் கேள்வி. குழுவில் இருவருக்குள் மோதல், திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? மேலிடத்துக்குப் போகாமல், இருவரையும் உட்காரவைத்துப் பேசிக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாலும் சரியான விடை. நாங்கள் மாதிரித் தேர்வுகளில் இதைத் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தோம். "உட்காரவைத்துப் பேசுவது" என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே பாயில் உட்காரவைத்து, அடிபட்டவனிடம் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கும் பஞ்சாயத்து அது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டு பேருக்கும் சம மரியாதை இருக்கும் இடத்தில் நடப்பது முரண்பாடு, அங்கே புத்தகத்தின் விடை சரி. பொதுத் தண்ணீரைத் தொடவிடாமல் தடுப்பது முரண்பாடு அல்ல, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அங்கே முதல் விடை காவல் நிலையம். தேர்வறையில் ஒன்று, ஊரில் ஒன்று. இரண்டையும் குழப்பாமல் இருக்கப் பழகினோம்.

விண்ணப்பங்களில் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். எழுதிய அனுபவம் உண்மை என்று அந்தத் திட்டத்தின் மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். எங்களில் அக்காவின் விண்ணப்பம் தணிக்கைக்குப் போனது. பழைய அலுவலகத்துக்குப் போனோம். காப்பி கொடுத்தார்கள், நலம் விசாரித்தார்கள். "நீ நல்லா வேலை பார்த்தம்மா, யாரு இல்லைன்னா? ஆனா நடத்துனது ஆபீஸ்தானே" என்றார் பொறுப்பில் இருந்தவர். கையெழுத்துக் கிடைக்கவில்லை. சத்தம் போடவில்லை, அவமதிக்கவில்லை. அவ்வளவு நாகரிகமாகப் பத்து வருடத்தைத் துடைத்தெடுத்தார்.

பேருந்தில் திரும்பும்போது அக்கா கொடியன்குளத்தைப் பற்றிப் பேசினார். 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடியபோது படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் போட்டு எரித்தார்கள். "அன்னைக்கு எரிச்சாங்க. இன்னைக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

மீதி மூன்று பேர் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிச் சென்னை போய் எழுதினோம். வீட்டிலிருந்தே எழுதலாம்தான். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத தனி அறை வேண்டும், அது எங்கள் வீடுகளில் இல்லை. இருவர் தேறினோம். ஒருவர் தவறவிட்டார், ஓராண்டுக்குள் மூன்று முறை எழுதலாம் என்பதால் திரும்பப் படிக்கிறார்.

போன வருடம் பக்கத்து ஊர் ஒன்றில் குழாயடியில் நம் பெண்களைத் தடுத்து அடித்தார்கள். வழக்குப் பதிவானதும் அக்கா மாடி அறைச் சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி, காண்ட் சார்ட் போட ஆரம்பித்தார். முதல் தகவல் அறிக்கை நாள் பூஜ்யம். உடனடி நிவாரணம் ஏழு நாட்களுக்குள். விசாரணை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவரிடம், குற்றப்பத்திரிகை 60 நாட்களுக்குள். அதிலிருந்து இயன்றவரை இரண்டு மாதத்தில் வழக்கு முடிய வேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். எல்லாம் சட்டத்திலும் விதிகளிலும் இருக்கிற நாட்கள்தான். ஆனால் சுவரில் கோடாகப் பார்த்தபோதுதான் எந்த நாளில் யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. எட்டாம் நாள் காலையில் நிவாரணத்தைக் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் நின்றவர்கள் அந்தப் பெண்களேதான், கையில் தேதியோடு.

தம்பி தங்கைகளே, சான்றிதழை எழுதுங்கள். பணம் இல்லையென்றால் வளர்ச்சித் துறைக்கென்றே உள்ள ப்ராஜெக்ட் டிபிரோ வழிகாட்டியை இலவசமாகத் தரவிறக்கிப் படியுங்கள். இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன தேதி, எந்த ஊர், எத்தனை பேர், எவ்வளவு செலவு, என்ன முடிவு எடுத்தீர்கள் என்று எழுதி, வேலை முடிந்த கையோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. எழுதும்போது "உதவினேன்" என்று எழுதாதீர்கள்.

அந்தச் சுவர் அட்டவணையில் கடைசிக் கட்டம் "பொறுப்பு". மற்ற எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு அக்கா அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் பெயரை எழுதினார்.

ஜெய்பீம்.