ஜிவோன் பெயரில் இத்தனை பேர்

சியோல், ஜொங்னோ

அன்புள்ள தோழிக்கு,

முதலில் உன் மகளுக்கு ஒரு சேதி. 'குயீன் ஆஃப் டியர்ஸ்' தொடரைப் பார்த்து அழுது தீர்த்தாளே, அதன் நாயகி கிம் ஜிவோனின் முழுப்பெயரையே கொண்ட ஓர் ஆணும் இருக்கிறார். ஐகான் குழுவின் ராப் பாடகர் பாபிதான் அவர். வீட்டில் வைத்த பெயர் கிம் ஜிவோன்.

இந்த ஊரில் இது யாருக்கும் வியப்பில்லை. ஜிவோன் என்று பையனுக்கும் வைக்கிறார்கள், பெண்ணுக்கும் வைக்கிறார்கள். கொரிய எழுத்தில் எல்லாரும் ஒன்றுதான். சீன எழுத்தில் எழுதினால் வீட்டுக்கு வீடு மாறும். மரியாதையாகக் கூப்பிட 'ஜிவோன் ஷி' என்றால் போதும், அதுவும் இருபாலுக்கும் பொது. அரசாங்கத்துக்கு மட்டும் ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டுமே! குடிமக்கள் பதிவெண்ணின் 13 இலக்கங்களில் ஏழாவது அதைக் காட்டிக்கொடுத்துவிடும். போன நூற்றாண்டில் பிறந்த ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. 2000-இலிருந்து பிறந்தவர்களுக்கு 3, 4.

நடிகை ஹா ஜிவோனின் இயற்பெயர் ஜியோன் ஹேரிம். மேலாளர் ஒருவரின் முதல் காதலியின் பெயரைத்தான் சூட்டிக்கொண்டார் என்பார்கள். அரசியலில் பாக் ஜிவோன்: அதிபர் கிம் டே ஜுங்கின் வலக்கை, பின்னாளில் உளவுத்துறைத் தலைவர், 2024 தேர்தலில் 81 வயதில் வென்றவர்.

நான் தேடி வந்தது இன்னொரு பாக் ஜிவோனை. 1737-இல் பிறந்தவர். இங்கே தப்கோல் பூங்காவில் பத்து அடுக்குப் பளிங்குக் கோபுரம் ஒன்றைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். 1919 மார்ச் 1 அன்று விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்ட பூங்கா என்பதால் எல்லாரும் அதையே பேசுகிறார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்தக் கோபுரத்தை ஒட்டிய வீடுகளில்தான் ஜிவோனும் நண்பர்களும் கூடிப் பேசினார்கள்.

1780-இல் சீனப் பேரரசரின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொரியத் தூதுக்குழு போனது. பதவி ஏதும் இல்லாத நம் ஜிவோன், தூதர் தன் உறவினர் என்பதால் கூடவே கிளம்பிவிட்டார். பெய்ஜிங் போனால் பேரரசர் ஜெஹோல் கோடை அரண்மனையில்! இரவு பகலாக ஓடினார்கள். ஒரே இரவில் ஒன்பது தடவை ஆற்றைக் கடந்ததை அவர் தனிக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். யானையைப் பார்த்த வியப்பும் தனிக் கட்டுரை. நமக்குக் கோயில் வாசல் சமாசாரம்; அவருக்கோ அது உலக நியதி பற்றிய கேள்வியையே கிளப்பிவிட்டது!

எனக்குப் பிடித்தது வேறு. அரண்மனைகளை விட்டுவிட்டு உடைந்த ஓடுகளையும் சாணக் குவியலையும் சீனாவின் பெரிய காட்சிகள் என்றார், வீணாக்காமல் பயன்படுத்துகிறார்களே என்று. சொந்த நாட்டில் வண்டி ஓடாததற்குப் பாதை சரியில்லை என்பது சாக்கு, வண்டி ஓடினால் பாதை தானே உண்டாகும் என்று வாதாடினார். அவருடைய இந்த எழுத்து நடை கொரிய மன்னர் ஜியோங்ஜோவுக்கு ஆகவில்லை. எழுத்தைக் கெடுத்தவர் என்று கண்டித்தார். நடிகைகளும் பாடகர்களும் கோபித்துக்கொள்ளட்டும், ஜிவோன்களில் மூத்தவருக்கே என் ஓட்டு.

அவருடைய 'ஜெஹோல் நாட்குறிப்பு' நூலின் ஒரு பகுதி 2010-இல் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. உன் கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடு.

அன்புடன்,
உன் தோழி